மரர்

ஃபோனை வைத்ததும் திருத்தம் சாருக்கு வியர்த்துக் கொட்டியது.

"யாரு சார்?" என்றார் பக்கத்தில் நின்ற வெல்டர்.

"நம்ம பழைய ஸ்டோர்கீப்பர் அண்ணன். விழாவுக்குக் கிளம்பிட்டாராம்."

"நல்லதுதானே!"

திருத்தம் சார் பணிமனை வாசலைக் கைகாட்டினார். அங்கே பத்தடி நீளத்துக்கு பேனர் தொங்கியது: 'மர நாள் வெள்ளி விழா. நிறுவனர் அமரர் ஸ்டோர்கீப்பர் அவர்களுக்கு நன்றி!'

"அட கடவுளே! உயிரோட இருக்கிறவரை எதுக்கு சார் அமரராக்கினீங்க?"

"பத்து வருஷமா தகவலே இல்ல. மேனேஜர் அம்மா எழுதிக் கொடுத்ததுல வெறும் ஸ்டோர்கீப்பர்னுதான் இருந்துச்சு. மரியாதை குறையுதேன்னு நான்தான்..."

மனிதருக்குத் 'திருத்தம்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. பணிமனை ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்த நாளிலிருந்தே, யார் எதை எழுதிக் கொடுத்தாலும் அதை இரண்டு வார்த்தை திருத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் ஸ்டோர்கீப்பர் அனுப்பிய சீட்டையும் அவர்தான் அறிவிப்புப் பலகையில் எழுதினார், வழக்கம்போல் கொஞ்சம் அழகுபடுத்தி. மறுநாள் ஆளுக்கொரு மரக்கன்றோடு வந்து நின்றார்கள். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் மர நாள்.

இந்த வருஷம் வெறும் விழா இல்லை. வாசலில் வளர்ந்து நிற்கும் மரங்களை வெட்டிவிட்டு வண்டி நிறுத்த இடம் போடலாமா என்று பார்க்க, தலைமை அலுவலக இன்ஜினியர் வருகிறார். அந்த வரிசையில் மூன்றாவது மரத்தடியில்தான் திருத்தம் சாரின் மத்தியானச் சாப்பாடு. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்க யாருக்கும் தெரியாமல் அங்கே உட்கார்ந்துதான் அழுதார். அவள் பிழைத்துவிட்டாள் என்ற செய்தி வந்ததும் அதே நிழலில்தான். அந்த மரத்துக்கு ஒன்று என்றால் அவரால் தாங்க முடியாது. அதை வைக்கச் சொன்ன மனிதரையே பேனரில் சாகடித்தாயிற்று.

"அந்த 'அ'வை மட்டும் மறைச்சிட்டா?" என்றார் திருத்தம் சார்.

கைக்குக் கிடைத்தது கரன்ட் வேலைக்கு ஒட்டும் கறுப்பு டேப்தான். ஏணி வைத்து ஏறி ஒட்டினார். இப்போது 'மரர் ஸ்டோர்கீப்பர்' என்று இருந்தது.

"மரர்னா என்ன சார்?"

"மரம் வெச்சவர் மரர். பழைய சொல்லுய்யா. உனக்குத் தெரியாது."

அவருக்கே தெரியாது. அது வேறு விஷயம்.

எதிரே வந்த லேத்காரர் பேனரில் கறுப்பு டேப்பைப் பார்த்தார். துக்கத்துக்கு என்று நினைத்துத் தானும் ஒரு துண்டு கிழித்துச் சட்டையில் ஒட்டிக்கொண்டு உள்ளே போனார். கால் மணி நேரத்தில் பணிமனை முழுக்கக் கறுப்புப் பட்டை. போதாக்குறைக்கு இன்ஜினியர் வேறு காரிலிருந்து இறங்கியதும் ஒன்று கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டார்.

திருத்தம் சார் மேடைக்கு ஓடி மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! நம் நிறுவனர் நம்மிடையே இல்லை..."

'என்று யாரும் நினைக்க வேண்டாம்' என்று முடிப்பதற்குள் மைக் செத்தது. மேனேஜர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கூட்டமே எழுந்து தலை குனிந்தது.

அந்த மௌனத்தில்தான் பெரியவர் ஒருவர் மெல்ல உள்ளே வந்தார். எல்லாரும் நிற்பதைப் பார்த்துத் தானும் பையைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். பிறகு பக்கத்தில் இருந்த வெல்டரிடம் கிசுகிசுத்தார்.

"யாருக்குப்பா?"

வெல்டர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குத்தாண்ணே."

ஸ்டோர்கீப்பர் சிரித்த சிரிப்பில் மௌனம் உடைந்து போனது. மேனேஜர் அம்மா அழுதுகொண்டே சிரித்தார். மரம் வெட்டும் பேச்சை வெல்டர் பெரியவர் காதில் போட்டார். அவரை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மைக் இல்லாமலேயே அவர் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"உயிரோட இருக்கிற எனக்கே ரெண்டு நிமிஷம் நின்னுட்டீங்க. ரொம்ப சந்தோஷம். உயிரோட இருக்கிற அந்த மரங்களை வெட்டிட்டு அதுங்களுக்கும் இப்படி நின்னுடாதீங்கய்யா."

இன்ஜினியர் சட்டையிலிருந்த கறுப்புப் பட்டையை மெதுவாகக் கழற்றினார். "பின்பக்கம் காலி இடம் கிடக்குதுல்ல? வண்டிய அங்க விட்டுக்கலாம். மரம் இருக்கட்டும்."

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

கூட்டம் கலைந்ததும் மூன்றாவது மரத்தடியில் திருத்தம் சார் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுடுங்கண்ணே. இந்த நிழல் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியாது. அன்னிக்கு நீங்க ஒரு வரி எழுதி அனுப்புனீங்களே, அதுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தீராது."

"நன்றி சொல்லத்தான் தம்பி நானும் தேடி வந்தேன்."

"எனக்கா? எதுக்குண்ணே?"

பெரியவர் அண்ணாந்து இலைகளைப் பார்த்தார். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வாசல் ஒரே சேறா கிடந்துச்சு. மிதிச்சு வர நாலு பலகை போடச் சொல்லித்தான் 'வாசல்ல வரிசையா மரம் வைக்கணும்'னு எழுதி அனுப்பினேன். அதை 'ஆளுக்கொரு மரக்கன்று நடுவோம்'னு திருத்தி எழுதின மரர் நீதானப்பா!"