பூஞ்சைக்குக் காவல்

இந்த வருஷம் காட்டுப்புறாக்கள் தெற்கே போகிற காலத்தில் ஒரு நாள்கூட வீட்டில் தங்குவதில்லை என்று ஆகஸ்டிலேயே சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்கிற வீடா எங்கள் வீடு? சோலாஞ்ச் காதில் விழுந்துவிடும். சோலாஞ்ச் என் மனைவி.

பிரான்சில் எங்கள் பக்கத்தில் அக்டோபர் வந்தால் புறா வேட்டைதான்; ஆண்பிள்ளைகளைத் தேடக் கூடாது. டாக்டர், தபால்காரர், மேயர் எல்லோரும் காட்டில் மரத்துமேல் கட்டிய குடிசைகளில் உட்கார்ந்து, புறா வருகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்ப்பது கொஞ்சம், சாப்பிடுவது நிறைய. உப்புக்கண்டம் போட்ட பன்றித்தொடை, பூண்டு ஆம்லெட், காளான் வறுவல். முக்கியமாக, குடிசைக்குள் யாரும் பேசக் கூடாது. பேசினால் புறா திரும்பிவிடும். கல்யாணமானவனுக்கு இதைவிட வேறென்ன சொர்க்கம்? நானும் என் சிநேகிதன் ஃபெர்னானும் கோடை முழுக்கப் பலகை சுமந்து, ரகசியமாகப் புதுக்குடிசை ஒன்று கட்டி முடித்தோம். வீட்டில் கேட்டால், திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறேன் என்று பதில்.

குடிசை தயார். அன்று சாயங்காலமே இடி விழுந்தது.

"ஏங்க, அம்மா அப்பாவுக்கு அம்பதாவது கல்யாண நாள். அக்டோபர் மூணாவது வாரம். டாக்ஸ் ஊர்ல, அவங்க வீட்டுல நாலு நாள் விருந்து. நாம கட்டாயம் போகணும்."

அக்டோபர் மூன்றாவது வாரம்! வருஷத்திலேயே புறா அதிகம் பறக்கிற வாரம். மாமனாரும் வேட்டைக்காரர்தான். அந்த வாரத்தில் அவர் எப்படிக் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்? தேதி குறித்தது மாமியாராகத்தான் இருக்கும்.

நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"அடடா, பூஞ்சை வர்ற நேரமாச்சே!"

"வந்தா வரட்டுமே."

"என்ன இப்படிச் சொல்லிட்டே?"

எங்கள் ஊர் சோத்தேர்ன். இங்கே ஒயின் செய்வது நாங்கள் இல்லை, பூஞ்சை. மற்ற ஊர்க்காரன் திராட்சையில் பூஞ்சையைப் பார்த்தால் தலையில் கை வைப்பான். நாங்கள் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சிரோன் ஆற்றின் குளிர்ந்த தண்ணீர் கரோன் நதியில் கலக்கிற இடத்திலிருந்து விடியற்காலையில் மூடுபனி கிளம்ப வேண்டும். மத்தியானம் வெயில் வந்து அதைக் காயவைக்க வேண்டும். அப்படி மாறி மாறி வந்தால் பழம் சுருங்கி, சாறு சுண்டித் தேனாகும். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் அத்தனையும் குப்பை. ஆகவே பூஞ்சை யாருக்கும் தேதி கொடுக்காது. ஒரு புருஷனுக்கு இதைவிடத் தோதான சாக்கு பிரான்ஸ் தேசத்திலேயே கிடையாது.

"ஒரே ஒரு நாள் நான் அசந்தாப் போதும் சோலாஞ்ச். காலையில பூஞ்சை முத்தும், சாயங்காலம் மழை கொட்டும், வருஷ வருமானமே போச்சு. நீ போயிட்டு வா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காவல் இருக்கேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"சாப்பாடு?"

"பழைய ரொட்டி இருக்கும்ல. சூப்புல நனைச்சுக்கறேன்."

"ஐயோ பாவம்!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதே இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை. துப்பாக்கியை எடுத்துத் துடைத்தேன்.

விருந்து வாரம் வந்தது. சோலாஞ்ச் கிளம்புகிற வழியாகக் காணோம். அதற்குப் பதில் இரண்டு காரும் ஒரு வேனும் வாசலில் வந்து நின்றன. முதலில் இறங்கியவர் மாமியார். கையில் கொத்து நறுக்குகிற கத்தரிக்கோல். பின்னால் மாமனார், மச்சினன்மார், அவர்கள் பெண்டாட்டிகள், காது கேட்காத ஒரு சித்தப்பா என்று பதினோரு பேர்.

"மாப்பிள்ளை! நீங்க திராட்சையை விட்டு வர முடியலைன்னா, உங்களை விட்டுட்டு நாங்க மட்டும் கேக் வெட்டுவோமா? விருந்தை இங்கயே வெச்சுக்கிட்டோம். பழம் பறிக்கவும் ஆளாச்சு. எங்க அந்தப் பூஞ்சை?"

"இன்னும் வரலை அத்தை."

"எப்ப வரும்?"

"அது... சொல்ல முடியாது அத்தை."

"பரவால்ல. வர்ற வரைக்கும் இருக்கோம்."

வேனிலிருந்து பெட்டிகள் இறங்கின. ஒன்றில் குளிர்காலக் கோட்டு இருந்தது. அக்டோபரில் குளிர்காலக் கோட்டு!

திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. கத்தவும் முடியாது. அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக ஃபெர்னான் தலையை நீட்டினான்.

"தியோ, நேத்து வானமே தெரியலைடா, அவ்வளவு புறா! வர்றியா இல்லையா?"

நான் கண்ணைக் காட்டுவதற்குள் சோலாஞ்ச் வந்துவிட்டாள்.

"அவர் எப்படிண்ணே வருவாரு? ஒரு நாள் அசந்தா வருஷ வருமானமே போயிடுமாம். அழாத குறையாச் சொன்னாரு. அந்தப் புதுக்குடிசையில ஒரு இடம் காலியாத்தானே இருக்கு? அப்பாவைக் கூட்டிட்டுப் போங்களேன். அம்பது வருஷமா இந்த வாரம் அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை."

"எந்தக் குடிசை?" என்றேன்.

"கோடை முழுக்க நீங்க மருந்தடிச்சுட்டு வந்தப்பல்லாம் சட்டையில காட்டுப் பெரணி இலை ஒட்டியிருந்துச்சே. எந்தத் திராட்சைத் தோட்டத்துலங்க பெரணி முளைக்குது?"

மாமனார் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர்.

"இடத்தை விட்டுக்கொடுத்தீங்களே! மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்!"

என் பூட்ஸையும் போட்டுக்கொண்டு போனார். அளவு கனகச்சிதம்.

அதற்கப்புறம் வெயிலோ வெயில். மூடுபனி பேருக்குக்கூட இல்லை. தினமும் காலையில் மாமியார் மூக்குக்கண்ணாடியோடு என் பின்னாலேயே கொடி கொடியாக வருவார்.

"மாப்பிள்ளை, இது பூஞ்சையா?"

"தூசி அத்தை."

"இது?"

"சிலந்திவலை அத்தை."

சாயங்காலமானால் மாமனார் புறாக்களைத் தோளில் போட்டுக்கொண்டு, பூண்டு ஆம்லெட் வாசனையோடு வருவார். குடிசை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று என்னிடமே வருணிப்பார். நான் ஆயுசில் முதல் தடவையாக, மனப்பூர்வமாக, பூஞ்சைக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

நவம்பர் பிறந்துதான் பனி இறங்கியது. பூஞ்சையும் வந்தது. மாமியார் சுருங்கின பழமாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பறித்தார். எனக்கு உயிர் வந்தது.

"அப்ப, முடிஞ்சுதா அத்தை? கிளம்பறீங்களா?"

சோலாஞ்ச் குறுக்கே வந்தாள். "இது முதல் சுற்றுதாம்மா. மிச்சப் பழத்துல பூஞ்சை பிடிக்கப் பிடிக்கத் திரும்பத் திரும்ப வந்து பறிக்கணும். இன்னும் ரெண்டு மூணு சுற்றாவது இருக்கு."

"இருந்துட்டாப் போச்சு" என்றார் மாமியார், குளிர்காலக் கோட்டை மாட்டிக்கொண்டே.

கடைசிச் சுற்று முடிந்து அவர்கள் கிளம்பியபோது கடைசிப் புறாவும் மலை தாண்டி ஸ்பெயினுக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த வருஷமும் ஒத்தாசைக்கு வருவதாக மாமியார் வாக்குக் கொடுத்தார். வேன் திருப்பத்தில் மறைந்தது. சோலாஞ்ச் என் தோளில் கை வைத்தாள். குரலில் அத்தனை கனிவு.

"ரொம்பக் களைச்சுட்டீங்க. ஒரு வாரம் உங்க குடிசையில போய் இருந்துட்டு வாங்களேன், யாரு வேண்டாங்கறா?"

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு காக்காய் போயிற்று.