பவுண்டுக்குப் பவுன்

நைனா முகமது முடிவெடுத்துவிட்டார். இனி அவரை யாரும் தடுக்க முடியாது. மனைவி சாயிரா பானுவைத் தவிர.

துபாயில் வேலை பார்த்த காலத்தில் கம்பெனி பவுலிங் டீமுக்கு அவர்தான் ராஜா. கிரிக்கெட் பவுலிங் இல்லை, பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கிற பவுலிங். பதினாறு பவுண்டுப் பந்தை எடுத்து உருட்டினால் பத்துக் கட்டைகளும் மல்லாந்துவிடும். ஊருக்குத் திரும்பி, ஆரப்பாளையத்தில் சூட்கேஸ் கடை போட்டார். கூடவே தொப்பையும் போட்டார். போன வருஷம் ஒரு சூட்கேஸைத் தூக்கப்போய் முதுகும் பிடித்துக்கொண்டது. அதோடு ராஜாங்கம் முடிந்தது.

இப்போது ரிங் ரோட்டு மாலில் புதிதாக பவுலிங் வந்திருக்கிறது. அங்கே மேனேஜர் சாயிராவின் சொந்தத் தம்பி ஆசிப். மனுஷனுக்குக் கை துறுதுறுக்காமல் என்ன செய்யும்? பத்துக் கட்டையும் ஒன்றாகச் சாயும் அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும், அதுவும் சொந்தப் பந்தோடு. அம்புட்டுத்தான் ஆசை.

மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கி, போனில் ஆசிப்பிடம் கிசுகிசுத்தார்.

"மாப்ள, பதினாறு பவுண்டுக்கு ஒரு பொட்டுக் குறையக் கூடாது. பளபளன்னு இருக்கணும். அக்காவுக்குத் தெரிய வேணாம்."

திரும்பினால் அக்கா நிற்கிறாள். கையில் கரண்டி. முகத்தில் பெருநாள்.

"பதினாறு பவுனா! என்னங்க, எனக்கா?"

"பவுன் இல்ல சாயிரா. பவுண்டு."

"அதென்ன 'டு'?"

"எடை. உருட்டுற பந்தோட எடை."

ஒரு 'டு' வந்து பெருநாளைப் பொசுக்கென்று முடித்துவைத்தது.

"பந்து வாங்குற வயசா இது? முதுகு புடிச்சுப் படுத்தப்ப யாரு தைலம் தேச்சா? ஆசிப்பா?"

"விளையாடாம இருந்ததுனாலதான் புடிச்சுச்சு."

"அப்படியா? சரி, தாராளமா விளையாடுங்க."

நைனாவுக்குக் காதை நம்ப முடியவில்லை.

"ஒரே கண்டிசன். பந்து எம்புட்டு பவுண்டோ, அம்புட்டு பவுன் எனக்கு. உங்க ஆசையும் என் ஆசையும் ஒரே எடையில இருக்கட்டும்."

மாட்டேன் என்றால் பந்து கிடையாது. தலையை ஆட்டிவிட்டார் மனுஷர்.

ஞாயிற்றுக்கிழமை, மால். விற்பனைக்கு அலமாரி நிறையப் பந்துகள். நைனா நேராகப் பதினாறின் மேல் கை வைத்தார். கன்னங்கரேலென்று என்ன ஒரு கம்பீரம்!

"நெக்லஸ், வளையல், மிச்சத்துக்கு ஜிமிக்கி," என்றாள் சாயிரா பின்னாலிருந்து.

சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"இது கரடுமுரடா இருக்கு மாப்ள."

"கண்ணாடி மாதிரி இருக்கு மச்சான்!"

பதினாலைத் தொட்டார். "ஜிமிக்கி போச்சு," என்றாள். பன்னிரண்டைத் தொட்டார். "வளையல்ல ரெண்டு குறையும்."

"பத்து எடுங்க மச்சான், உங்க வயசுக்கு..."

"வயசைப் பத்திப் பேசாதடா. எட்டைக் காட்டு."

எட்டு பவுண்டுப் பந்து ரோஸ் நிறத்தில் இருந்தது. அதன் மேல் ஒரு பூனை கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"அதுக்கும் கீழ?"

"அதெல்லாம் சின்னப் புள்ளைக உருட்டுறது. அந்த ஓட்டைக்குள்ள உங்க விரல் போகாது."

பூனையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் விளையாடிய கல்லூரிப் பிள்ளைகள் போனை எடுத்து வீடியோ பிடித்தார்கள். மானம் போனது போகட்டும் என்று உருட்டினார். பந்து ஓரப் பள்ளத்தில் விழுந்தது. அடுத்ததில் மூன்று கட்டை. அப்போதுதான் கவனித்தார், குனிந்தும் முதுகு வலிக்கவில்லை! இன்னொரு தடவை குனிந்தார், வீசினார். பூனை கண்ணடித்தபடியே உருண்டு போய்ப் பத்தையும் சாய்த்தது. அல்லா, அந்தச் சத்தம்! நைனாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியது சாயிராதான்.

"நாலு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? எட்டு பவுண்டு அதுக்குள்ளதான் வருதாம், ஆசிப்கிட்டக் கேட்டுட்டேன். நேராச் சொன்னா நீங்க கேப்பீகளா?"

"அப்ப... பவுனு?"

"பவுனாவது ஒண்ணாவது. நீங்க படுக்காம நடமாடுனாப் போதாதா எனக்கு?"

நைனாவுக்கு நெஞ்சு உருகி ஓடிற்று. இப்பேர்ப்பட்டவளுக்குப் பயந்தா மாடிப்படிக்கு அடியில் ஒளிந்தோம்! அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் முடியாது சாயிரா. ஒரு பவுன்ல மோதிரம். இன்னைக்கே. நீ வேணாம்னாலும் விட மாட்டேன்."

சாயிரா வேண்டாம் என்று சொல்லவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"அப்ப கெளம்புங்க. தெற்காவணி மூல வீதி நகைக்கடையில மோதிரம் நேத்தே ரெடியாயிருச்சு."