உப்பு செய்த வேலை

காரின் முன் வலது சில்லின் மூடியைக் காணவில்லை.

கிறகரி தெருவோரம் குந்தியிருந்து ரோச் லைட்டை அடித்து அடித்துப் பார்த்தார். மற்ற மூன்று சில்லுகளிலும் மூடி இருந்தது. இதில் மட்டும் கறுத்த இரும்பும் சேறும். ஏப்ரல் பிறந்து, அவர் குடியிருக்கும் லாசால் தெருக்களில் பனி உருகி, குளிர் முழுக்க மூடிக்கிடந்த குழிகள் எல்லாம் வெளியே தெரியத் தொடங்கிய நேரம். குளிர் தன் காருக்கு என்னென்ன செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று ஒவ்வொரு வசந்தத்திலும் அங்குலம் அங்குலமாகத் தேடிப் பார்ப்பது அவருடைய வழக்கம். ஒரு கீறலுக்குக் காரணம் தெரியாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

"ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகேக்க இருந்ததே," என்றார்.

பல்கனியில் நின்ற மனைவி கிறேஸ் உடுப்பு உதறுவதில் மும்முரமாக இருந்தாள். "குழிக்குள்ள விழுந்து கழண்டிருக்கும். விடுங்கோவனப்பா."

விடுகிற ஆளா அவர்? அதுவும் இந்த முறை. அடுத்த கிழமை சனிக்கிழமை ரொறன்ரோவில் அக்காவின் மகள் ஜெசிக்கா கோயிலில் முதல்நன்மை வாங்குகிறாள். ஞானத்தகப்பன் கிறகரிதான். அக்காவின் புது வீட்டுக் குடிபூரலுக்குப் புறப்பட்டபோது கார் பாதி வழியில் நின்றுவிட்டது. நத்தார் பண்டிகைக்குப் புறப்பட்டபோது லாசாலையே தாண்டவில்லை. போன கிழமை போனில் அக்கா நெடுநேரம் கதைக்கவில்லை. "இந்த முறையும் கார் எண்டு கதை சொன்னியெண்டா, எனக்குத் தம்பி இல்லையெண்டு நினைச்சுக்கொள்ளுறன்," என்று சொல்லி வைத்துவிட்டார். கிறகரிக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. அன்றிலிருந்து அவருக்கு நெஞ்சுக்குள் ஒரு பாரம்.

கிறகரிக்கு வேலை டவுன்டவுனில், ஓர் உணவகத்தின் சமையலறையில், இரவு வேலை. அங்கே கார் நிறுத்த இடம் கிடையாது. ஆகவே பஸ்ஸும் மெட்ரோவும்தான். விடிய வந்து படுத்தால் பின்னேரம்தான் எழும்புவார். கார் கிழமை முழுவதும் வாசலில் சும்மா நிற்கும். காரை இரவல் கேட்டவர்களோடு பேச்சையே குறைத்துக்கொண்ட மனிதர் அவர்.

மூடி போன கையோடு காரை டனிஸ்ரனிடம் கொண்டுபோனார். டனிஸ்ரன் அதே லாசாலில் கராஜ் வைத்திருப்பவன். காரைத் தூக்கிப் பார்த்து, பிறேக் தேய்ந்துவிட்டது என்று புதிதாகப் போட்டுக் கொடுத்தான். இப்போது பெடலில் காலை வைத்தாலே கார் அந்த இடத்திலேயே நின்றது. கிறகரிக்குப் பெரிய திருப்தி.

மறுநாள் பின்னேரம் எழும்பிப் போய்ப் பார்த்தால், டாஷ்போர்டில் ஒட்டியிருந்த மடு மாதா சுருவம் கீழே முகங்குப்புறக் கிடந்தது.

வெயிலுக்குப் பசை இளகியிருக்கும் என்று அவரே தன்னைத் தேற்றிக்கொண்டு, மாதாவிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு, புதுப் பசை போட்டு ஒட்டினார். ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, சாரதி இருக்கை பின்னால் போயிருந்தது. கால் பெடலுக்கு எட்டவில்லை. தலைகீழாகக் குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தார். துரு. அங்கே, அந்தக் கோலத்தில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது.

எல்லாம் உப்பின் வேலை. பனிக்குத் தெருவெல்லாம் கொட்டுகிறார்களே, அந்த உப்பு. அது குளிர் முழுக்க இரும்புக்குள் சத்தமில்லாமல் ஒளிந்திருந்து, வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக வெளியே வந்து தன் குணத்தைக் காட்டுகிறது. அன்றிரவு உணவகத்தில் வெங்காயம் உரித்தவர்கள், கோழி வெட்டியவர்கள் எல்லோருக்கும் இதை விளங்கப்படுத்தினார். பாத்திரம் கழுவுகிற பிரெஞ்சுக்காரர் மட்டும் மரியாதைக்குத் தலையாட்டினார்.

ஆனாலும் ரொறன்ரோவுக்கு நீண்ட ஓட்டம். ஸ்டியரிங் குளிரில் இறுகிப்போயிருந்தது. அதையும் சரிப்படுத்திவிட்டால் மனதுக்கு நிம்மதி என்று மீண்டும் டனிஸ்ரனிடம் போனார். அவன் ஒயில் மாற்றிக் கொடுத்தான். இப்போது ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றலாம்.

அடுத்த நாள் வலப்பக்கக் கண்ணாடி ஒரு வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. முன் கதவிலிருந்து பின் சில்லு வரை நீளத்துக்கு ஒரு கீறல்.

டனிஸ்ரன் கீறலை விரலால் தடவிப் பார்த்தான். "அண்ணை, இது உப்பு அரிச்சதில்லை. எங்கையோ உரசினது."

"வாசலில நிண்ட கார் எப்பிடியடா போய் உரசும்?"

உப்பு பெயின்றுக்கு உள்ளே இருந்து எப்படி நேர்கோட்டில் வெடிக்கும் என்று கிறகரி கை காட்டி விளக்கினார். டனிஸ்ரன் கண்ணாடியைப் பூட்டிக் கொடுத்தான்.

இனிக் காவல் வைப்பதைத் தவிர வழியில்லை என்று கிறகரி முடிவு செய்தார். தான் நித்திரை கொள்கிற நேரம் யன்னலடியில் இருந்து காரைக் கண்ணெடுக்காமல் பார்க்கவேண்டும் என்று கிறேஸிடம் சொன்னார். அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். இவளுக்கும் கடைசியில் காரில் ஓர் அக்கறை வந்துவிட்டதே என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க வீட்டில் அவருக்குப் பிடித்த மீன்குழம்பு வேறு.

காவலும் பலிக்கவில்லை. அடுத்த கிழமை புதன்கிழமை எழும்பிப் பார்த்தால் பின் பம்பர் உள்ளே போயிருந்தது.

"நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தனீ?"

"பார்த்துக்கொண்டுதானப்பா இருந்தனான்," என்றாள் கிறேஸ். "கண்ணை மூடி முழிக்கிறதுக்குள்ள நடந்து முடிஞ்சுது."

கிறகரி வாயைப் பிளந்தார். இவ்வளவு வேகமா? என்ன சத்தம் கேட்டது, முதலில் நெளிந்தது எந்தப் பக்கம், புகை ஏதும் வந்ததா என்று கேட்டுக்கொண்டே போனார். கிறேஸ் ஒவ்வொன்றுக்கும் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். கடைசியில் களைத்துப்போய்க் கதிரையில் இருந்தார். ரொறன்ரோ போய்ச் சேர்வதற்குள் கார் துண்டு துண்டாகக் கழன்றுவிடும் என்று அவருக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது. அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"கோயில்ல பேனாட் சுவாமியிட்டை ஒருக்கா சொல்லு," என்றார். "எங்கட காரையும் நினைச்சுச் செபிக்கச் சொல்லி."

"சுவாமி ஒவ்வொரு நாளும் அந்தக் காருக்காகச் செபிச்சுக்கொண்டுதான் இருக்கிறார்." சொன்ன கையோடு கிறேஸ் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பேனாட் சுவாமி மன்னாரில் இருந்து போன மாரியில்தான் அவர்களுடைய கோயிலுக்கு வந்த குருவானவர். நெடிய மனிதர். கொட்டுகிற பனியிலும் பஸ்ஸுக்கு நின்று, நீட்டவும் மடக்கவும் இடமில்லாத காலோடு, நோயில் கிடக்கும் வருத்தக்காரரைப் பார்க்கப் போய்வருவார். அப்படிப்பட்டவர், கேளாமலே தன் காருக்காகச் செபிக்கிறாராம். கிறகரிக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஓடுவதற்கு உடம்பு அலுப்பில்லாமல் இருக்கவேண்டும் என்று வியாழன் இரவு வேலைக்கு லீவு போட்டார். வெள்ளி காலை வெள்ளனவே எழும்பிக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். புதிதாக ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய சந்தேகம். உப்பு எதற்கோ காத்திருக்கிறது. கிறேஸ் கடைக்குப் போயிருந்தாள். இந்த நேரத்தில் காரை மந்திரித்து எடுத்துவிடுவோம் என்று நேரே கோயிலுக்கு ஓட்டினார்.

கோயில் வாசலில் நின்ற பேனாட் சுவாமி, காரைக் கண்டதும் முகம் மலர்ந்து கையை ஆட்டினார். உள்ளே இருந்து கிறகரி இறங்கியதும் ஆட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"நீர் இந்த நேரம் நித்திரையெல்லோ?"

"இண்டைக்கு லீவு, சுவாமி. காரை ஒருக்கா மந்திரிச்சுத் தாங்கோ."

"கிறகரி, அதுக்கு முதல் நான் உமக்கு ஒரு விஷயம் சொல்லவேணும்..."

"பேந்து கதைப்பம், சுவாமி. முதல் தீர்த்தம் தெளியுங்கோ."

சுவாமி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தீர்த்தச் செம்பை எடுத்து வந்தார். முதலில் முன் வலது சில்லுக்குத் தெளித்தார். பிறகு வலப்பக்கக் கண்ணாடிக்கு. பிறகு கீறலின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை மெல்ல நடந்தபடி. பிறகு பின் பம்பருக்கு, அதற்கு மட்டும் இரண்டு தரம். உள்ளே கையை விட்டு மாதாவின் தலையிலும் ஒரு துளி. இடப்பக்கம் போகவே இல்லை.

கிறகரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தான் ஒரு இடத்தையும் சுட்டிக் காட்டவே இல்லையே.

"ஆண்டவரே, இந்தக் காருக்குச் செய்யப்பட்ட எல்லாவற்றையும் மன்னித்தருளும்," என்று சுவாமி வேண்டினார். கிறகரியும் குளிரை மனதார மன்னித்தார்.

"நாளைக்கு மருமகளின்ரை முதல்நன்மை, சுவாமி. போகாட்டி அக்கா என்னை முழுசாய் வெட்டிப்போடுவா. கார் கொண்டுபோய்ச் சேர்க்குமோ?"

"சேர்க்கும். எஞ்சின் திறம். பிறேக்கும் நல்லாப் பிடிக்குது," என்றார் சுவாமி. "இனி இந்தக் காருக்கு ஒரு சின்னக் கீறலும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

ஒரு மெக்கானிக்கும் இத்தனை உறுதியாகச் சொன்னதில்லை. கிறகரிக்கு நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது. அந்த நிமிடமே அவருடைய பழைய குணமும் திரும்பி வந்தது. தீர்த்தம் பட்ட பிறகு உப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும். ரோச் லைட்டை எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே முழுதாக ஊர்ந்து போய்விட்டார். சுவாமி குனிந்து, "கிறகரி, வெளியில வாரும், அந்த விஷயம்..." என்று தொடங்கினார்.

அந்த நேரம் கோயிலைக் கூட்டித் துடைக்கிற வலன்ரைன் அண்ணை விளக்குமாறோடு வாசலுக்கு வந்தார். அவருக்குக் காரும் சுவாமியும்தான் தெரிந்தார்கள்.

"என்ன சுவாமி, நேற்று லைசென்ஸும் எடுத்தாச்சு, பிறகும் இந்தக் காரையே கொண்டு திரியிறியள்? கிறகரி நித்திரையால எழும்ப முதல் கொண்டுபோய் விட்டிடுங்கோ, பாவம் கிறேஸ், அங்கை யன்னலடியில ஏங்கிக்கொண்டு நிக்கும்."