திரைக்குப் பின்னால் வாய் திறக்கும் உன் மாமா

அரக்கோணத்தில் பெண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கும் தம்பி இன்பராஜுக்கு, வேலூரிலிருந்து அக்கா பாக்யலட்சுமி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே முட்டிவலி கம்மி, மனவேதனை ஜாஸ்தி. போனில் சொன்னால் உன் மாமா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் மாமா ரத்தினசாமியை உனக்குத் தெரியாதா? எதைக் கேட்டாலும் "ம்". அந்த மனிதர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ரிட்டயர் ஆனதும், தோஸ்த் சர்தார் பாஷாவின் குட்டியானை வண்டியில் திரை கட்டி, தெருத்தெருவாகப் பொம்மலாட்டம் காட்டக் கிளம்பினார். போகட்டும் என்று விட்டேன். போன வாரம் சத்துவாச்சாரியில் காய் வாங்கப் போனவள், கூட்டத்தைக் கண்டு எட்டிப் பார்க்கிறேன், தீபாவளிக்கு நீ எடுத்துக் கொடுத்து, காணாமல் போய், நான் பீரோவையே கவிழ்த்துத் தேடிய ஊதாப் புடவை ஒரு பொம்மையின் இடுப்பில்! அதோடு விட்டதா? அந்தப் பெண் பொம்மை அசல் என் குரலில், "யோவ், காதுல இன்னா பஞ்சா?" என்று புருஷன் பொம்மையைக் கேட்கிறது, தெருவே சிரிக்கிறது. நான் இடித்துக்கொண்டு முன்னால் போய், "அது என் பொடவை!" என்று கத்தினேன். ஜனம் இதுவும் நாடகம் என்று கைதட்டியது. "வூட்ல ஒரு வார்த்தை பேச மாட்ட, இங்க மட்டும் வாய் எங்கேருந்து வருது?" என்றேன். புருஷன் பொம்மை தலையைத் தொங்கப் போட்டது. பிறகு மெல்ல, "உன் மூஞ்சியப் பாத்தா பேச்சு வர்ல பாக்கியம். உனக்கு ஆபரேசன் ஆனப்ப வெளிய உக்காந்து அழுதேன். உள்ள வந்து எப்டி இருக்கன்னு கேக்க நெனச்சேன். 'ம்'னுதான் வந்துச்சி" என்றது. கத்திரிக்காய்ப் பையோடு எந்தப் பக்கம் போவதென்றே எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு போட்டு, "இன்னும் சொல்லு" என்று எதிரில் உட்கார்ந்தேன். "ம்" என்றார். அவ்வளவுதான். ஊரே கேட்ட பேச்சை எனக்குத் தனியாகச் சொல்லத் தெரியாத மனிதரோடு எப்படிக் காலம் தள்ளுவது? ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை அழைத்துப் போ. துணிமணி எடுத்து வைத்துவிட்டேன்.

உன் பெண்சாதி மோகனாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. வெயிலில் அலையாதே, மோர் குடி.

உன் அக்கா,
பாக்யலட்சுமி

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் நாள் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வராதே, எங்களுக்குக் காட்பாடியில் ஷோ. பெண் பொம்மைக்கு இப்போது நான்தான் குரல். நேற்று ஜனம் கலைந்த பிறகும், பொம்மைகளைக் கையில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். சர்தார் பாஷா வண்டியைக் கிளப்பிவிட்டு, "வூட்டுக்குப் போய்ப் பேசக் கூடாதா?" என்று பேஜாராகக் கேட்டார்.

"இரு பாய், அவ சொல்லி முடிக்கட்டும்" என்றார் உன் மாமா.