டியூபில் இறங்கிய பாயசம்

பராக்குப் பார்ப்பது ஒரு வியாதி என்றால், எனக்கு அது பிறவியிலேயே வந்தது. எழுபதுகளில், அருப்புக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்த என் அப்பா வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும், "பொண்ணுக்கு நெனப்பு இங்கன இல்ல" என்று எழுந்து போனார்கள். மூன்றாவதாகக் காரியாபட்டிக்காரர்கள் வந்த அன்று அம்மா என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் பராக்குப் பாக்காம இரு. இதுவும் போச்சுன்னா நான் வெளிய தலகாட்ட முடியாது."

எனக்கும் பயம்தான். (மாப்பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். பிடித்துத் தொலைத்துவிட்டது.)

அப்பாவுக்கோ கடைக்குப் புதிதாக வந்த பிளாஸ்டிக் டியூப் மேல்தான் கண். கொத்தனார்கள் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பார்களே, கண்ணாடி மாதிரி, அதுதான். சமையல் மொட்டைமாடியில். "பாயசத்த டியூபுல இறக்குவோம். நம்ம கடைச் சரக்கு எப்படின்னு அவுகளும் பாக்கட்டும்" என்றார். மேல்முனை மாடியில் அண்டாவுக்குள், கீழ்முனை ஜன்னல் வழியாகக் கூடத்துக்கு வந்து என் கையில். மடக்கினால் நிற்கும், விட்டால் வரும். ஒரு குரங்குகூடச் செய்துவிடும்.

மாப்பிள்ளை டம்ளரை நீட்டினார். விட்டேன்.

ஜவ்வரிசி இறங்கி வந்தது. ஓரத்தில் உரசாமல், ஒவ்வொரு மணியும் நடுவுக்கு நகர்ந்து மிதந்து வந்தது. ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிய இடத்தில் டியூப் நசுங்கியிருந்தது. அங்கே ஒரு பெரிய மணி தயங்கி நின்றது. பின்னால் வந்தவை முட்டின. அது மெல்ல நீண்டு, வெள்ளரி விதையாக ஒடுங்கி நுழைந்தது. வெளியே வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி உருண்டையானது. கல்லூரியில் தலைப்பிரட்டையின் வாலை மைக்ராஸ்கோப்பில் காட்டியபோது ரத்த அணுக்களும் இப்படித்தான் ஒடுங்கி ஒடுங்கிப் போயின. எவ்வளவு அழகு! வீடு, வெயில், கல்யாணம் எல்லாம் எங்கோ போய்விட்டன.

"அடியே, அவுக வேட்டி" என்றாள் அம்மா.

டம்ளர் நிரம்பி, அவர் முழங்கையில் வழிந்து, மடியில் ஜவ்வரிசி குவிந்திருந்தது. (நல்லவேளை, ஆறியிருந்தது.) டியூபை மடக்கக்கூடக் கை வரவில்லை. மூன்றாவதும் போச்சு என்றே நினைத்தேன்.

அவருடைய அம்மா எழுந்துவிட்டார். "எந்திரிப்பா, போவோம். இது நமக்குச் சரிப்படாது."

அவர் எழவில்லை. வழியும் டம்ளரைப் பிடித்தபடி ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இரும்மா. இன்னொண்ணு நுழையப் போகுது."

கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் பராக்குப் பார்க்கும் வீட்டில் பால் எப்படி அடுப்பில் நிற்கும்? இன்றைக்கும் தீய்ந்த வாடை வந்தால் மகள் உள்ளேயிருந்து கேட்பாள்:

"யம்மா, யப்பா, ஜவ்வரிசி நுழைஞ்சிருச்சா?"