சட்டைப்பைக்குள் தோடி

சீனிவாசராகவன் பெரிய முடிவுகள் எடுக்கிறவர் அல்ல. அதற்கு வீட்டில் அம்புஜம் இருந்தாள். ஆனால் தொண்ணூற்றொன்பதில், ராமநவமிக் கச்சேரிகள் தொடங்கிய வாரம், சிங்கப்பூர் மருமான் தந்த ரிக்கார்டரைக் கையில் வாங்கியதும் ஒரு முடிவு எடுத்துவிட்டார். பெங்களூரில் இனி ஒரு நல்ல கச்சேரி தப்பக்கூடாது!

உள்ளங்கை அகலம். பிஸ்கட் அளவு டிஸ்க். மிளகு அளவு மைக். காலருக்குள் செருகினால் பெருமாளுக்கே தெரியாது. மொட்டைமாடியில் சோதித்தார். காக்காய், பால்காரர் சைக்கிள் மணி, பக்கத்து வீட்டுக் குக்கர், மூன்றும் தனித்தனியாகக் கேட்டன. குக்கர் சுருதியோடு கூவியது. சொக்கிப்போனார்.

ஞாயிறு சாயங்காலம் கோட்டைப் பக்கத்துப் பந்தலில் பெரிய வித்வான். அதே நேரம் மல்லேஸ்வரம் கோயிலில் அம்புஜம்.

"நாலே பாட்டுதான்னா. இருபது வருஷமா கோஷ்டியில பின்னாடி உக்காந்துண்டு பாடினேன். இன்னிக்குத்தான் தனியாப் பாடச் சொல்லியிருக்கா."

"என்ன பண்றது? பீன்யா ஃபாக்டரியில மெஷின் ஒண்ணு வினோதமாக் கத்தறதாம். சத்தத்தைப் பதிவு பண்ணிண்டு வரச் சொல்றா."

"இந்தக் குட்டி டப்பாவிலயா?"

"கம்பெனி சாமான்."

"சரி," என்றாள். பட்டுப்புடவை சரசரக்கத் தனியாகவே ஆட்டோ ஏறினாள்.

பந்தலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். சத்தம் காட்டும் கோடு ஏறுகிறதா, விளக்கு எரிகிறதா என்று சட்டைப்பையை எட்டிப் பார்ப்பதிலேயே தோடி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. போகட்டும், அதான் டிஸ்கில் இருக்கிறதே!

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தார். சட்டை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. ரிக்கார்டர் அம்புஜம் மடியில். காதில் இயர்போன்.

"ஏன்னா, பீன்யா மெஷின் தோடி பாடறதே!"

அவர் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது... உன் கச்சேரியைப் பதிவு பண்ணத்தான் ஒத்திகை..."

"உக்காருங்கோ. ஒத்திகையைக் கேளுங்கோ."

இயர்போனின் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். வித்வான் தூரத்தில் எங்கேயோ பாடிக்கொண்டிருந்தார். மிகக் கிட்டத்தில், இடி மாதிரி, சீனிவாசராகவன் குரலே கேட்டது: "என் ஆத்துக்காரியும் இப்போ கோயில்ல பாடிண்டிருக்கா சார். நல்லவேளை, தப்பிச்சு வந்துட்டேன்!" பக்கத்து நாற்காலிக் கன்னடக்காரர், பேசாதீர்கள் என்று சீறினார்: "ஷ்ஷ்! மாதாட்பேடி சார்!"

அம்புஜம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பிழைத்திருப்பார். "முன்வரிசையில ஒரு நாற்காலி பிடிச்சு வெச்சிருந்தேன். கடைசி வரைக்கும் காலியாவே இருந்தது," என்று மட்டும் சொன்னாள்.

டிஸ்கைத் தூக்கி எறிந்துவிடலாம் போலிருந்தது அவருக்கு. அந்த நாலு பாட்டை எந்த மெஷினில் தேடுவது?

"அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பப் பாடறியாமே? பக்கத்தாத்து மாமி சொன்னா. நான் வரேன் அம்புஜம். சத்தியமா. முன்னாலேயே உக்காந்து முழுக்கப் பதிவு பண்றேன்."

அவள் ஒயரை நிதானமாகச் சுற்றினாள்.

"மெஷினை மட்டும் குடுத்தனுப்புங்கோ. அது வாயை மூடிண்டு கேக்கும்."