அஞ்சாம் தட்டு

மேடையில் பேசி நான் மூன்று முறை சிரிப்பு வாங்கியிருக்கிறேன். மூன்றும் ஒரே பேச்சில், பத்து நிமிடங்களுக்குள். திருப்பிக் கொடுக்க வழியிருந்தால் மூன்றையும் எப்போதோ திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மதுரையில் ஆராய்ச்சி மாணவன். ஆள் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருப்பேன். தலைக்கனத்தைத் தனியாக எடுத்து நிறுத்தால் அது மட்டும் ஐம்பது கிலோ தேறியிருக்கும். நான் ஆராய்ந்தது கொழுப்பை. நம் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில் ஸ்டெம் செல்கள் உண்டு. எலும்பாகவோ குருத்தெலும்பாகவோ மாறக்கூடியவை, காயம் ஆறுவதற்கு ஒத்தாசை செய்யக்கூடியவை. உடல் பருமன் கூடினால் இந்தச் செல்களின் வேலைத்திறன் என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி. (கேள்விகூட என்னுடையது இல்லை, என் கைடுடையது. நான் தட்டு கழுவுகிற ஆள்.)

கொழுப்பு கடையில் கிடைக்காது. வேறு ஏதாவது காரணத்துக்காக ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களிடம் சம்மதம் வாங்கி, கோலிக்குண்டு அளவுக்கு எடுத்து, செல்களைப் பிரித்து, சின்ன வட்டத் தட்டுகளில் வளர்ப்போம். ஒல்லியானவர்கள் சிலர், பருமனானவர்கள் சிலர் என்று ஆள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சரோஜா அத்தைக்குப் பித்தப்பையில் கல் என்று மதுரைக்கு அழைத்து வந்தார்கள்.

சரோஜா அத்தை என் அப்பாவின் தங்கை. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். பிளஸ் டூ இரண்டு வருடமும் நான் அவள் வீட்டில் தங்கித்தான் படித்தேன். காலை நாலரைக்கு எழுந்து, மாமாவுக்கும் எனக்கும் மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டு, எட்டு மணிக்குக் கம்பெனியில் நிற்பாள். நிற்பாள் என்றால் சாயங்காலம் ஆறு வரைக்கும் நிற்பதுதான். அத்தனைக்கும் உடம்பு மட்டும் கூடிக்கொண்டே போனது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"எம்புட்டுலே வேணும்?" என்றாள் கட்டிலில் படுத்தபடி.

"ஒரு கோலிக்குண்டு அளவு போதும் அத்தை."

"அம்புட்டுதானா? ஊரே ஒடம்பக் குறை, ஒடம்பக் குறைன்னு சொல்லுது. நீ ஒருத்தன்தான் கேட்டு வாங்குத. நல்லா அள்ளிக்கோ."

டாக்டரிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். அவர் கோலிக்குண்டோடு நிறுத்திக்கொண்டார். ஊர் திரும்பிய பிறகு, மகனுக்கு அரசாங்க வேலை கிடைத்த மாதிரி, "எங் கொழுப்பு மதுரையில ஆராய்ச்சியில இருக்கு" என்று செக்‌ஷன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். என் குறிப்பேட்டில் அவளுக்குப் பெயர் கிடையாது. ஐந்தாம் மாதிரி. பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதியை நான் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிய லட்சணத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அடுத்த வருடம் எங்கள் உறவின்முறைச் சங்கத்தின் ஆண்டுவிழா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பார்கள். கூடவே படித்த ஆள் ஒருவர் பேச வேண்டும். அந்த வருடம் என்னைப் பேசவைக்கச் சொல்லி அத்தை சங்கத் தலைவர் வீட்டுக்கு நான்கு முறை நடந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை லீவையும் விட்டுவிட்டு செக்‌ஷன் பெண்கள் எட்டுப் பேரை பஸ் ஏற்றிக் கூட்டி வந்து, முதல் வரிசையில் உட்கார்த்தி வைத்து, நடுவில் தானும் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பட்டுப்புடவை. எந்தக் கல்யாணத்துக்கும் அந்தப் புடவையை அவள் எடுத்து நான் பார்த்ததில்லை.

நான் எப்படியிருந்தேன் என்கிறீர்களா? சட்டையை இன் பண்ணி, கையில் லேசர் பாயிண்டர் வைத்திருந்தேன். (அந்தச் சிவப்புப் புள்ளியை மண்டபத்துச் சுவரெல்லாம் ஓடவிட்டு ஒத்திகை வேறு பார்த்தேன்.)

திரையில் இரண்டு தட்டுகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். இரண்டாம் தட்டு, குடல்வால் எடுத்துக்கொண்ட ஒல்லியான மாணவனுடையது. செல்கள் இடம் விடாமல் பெருகி நிறைந்திருந்தன. ஐந்தாம் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பரந்து தளர்ந்த செல்கள். பருமனானவர்கள் ஆறு பேரிடம் மாதிரி எடுத்திருந்தோம். மற்ற ஐந்தும் இவ்வளவு மோசமில்லை. அத்தையின் தட்டை எடுத்துக்கொண்டதற்கு, படம் பளிச்சென்று இருந்தது என்பது ஒரு காரணம். அத்தையின் செல் மேடையேறுகிறதே, அவளுக்கு ஒரு மரியாதை செய்த மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தது இன்னொரு காரணம். இந்தப் புத்திக்குத்தான் எனக்கு உதவித்தொகை கொடுத்து வைத்திருந்தார்கள்.

படத்துக்கு அடியில் எழுதியிருந்தேன்: பெண், வயது 51, எடை 94 கிலோ, பித்தப்பை அறுவை, இராஜபாளையம். பெயர் இல்லை பாருங்கள். பெயரை மறைத்துவிட்ட திருப்தியில், உள்ளூர்க்காரர்களுக்கு நெருக்கமாக இருக்கட்டுமே என்று ஊர்ப்பெயரை நானாகத்தான் சேர்த்தேன். அந்த மண்டபத்தில் இருந்த முந்நூறு பேரும் அத்தையை ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

"இரண்டாம் தட்டு ஆடிப்பூரத் தேரோட்டம். ஐந்தாம் தட்டு மறுநாள் ரதவீதி" என்றேன். முதல் சிரிப்பு.

"இந்தச் செல்கள் சோம்பேறிகள். காயத்தை ஆற்று என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்கின்றன." இரண்டாவது சிரிப்பு. எனக்கு ஜிவ்வென்று ஏறியது.

"நன்றாகச் சாப்பிடுகின்றன, அப்புறம் தூங்குகின்றன." இதற்கு மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கும் நேரத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது மைக் இல்லாமலே மேடை வரைக்கும் வந்தது.

"ஏட்டி, பித்தப்பை, இராஜபாளையம்னா... அது நம்ம சரோஜால்லா?"

எட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தார்கள், பிறகு அத்தையைப் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அத்தை திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பாயிண்டரின் சிவப்புப் புள்ளி இன்னும் ஐந்தாம் தட்டின் மேலேயே இருந்தது.

எதையோ உளறி முடித்தேன். நிலைமை தெரியாத தலைவர் மைக்கை வாங்கி, யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். எங்கள் சங்க வரலாற்றில் யாரும் சந்தேகம் கேட்டதில்லை. சாப்பாட்டு நேரம் வேறு. அத்தை எழுந்தாள்.

"தம்பி, அந்த அஞ்சாம் தட்டுக்கு என்ன சாப்பாடு போட்டீங்க?"

அவள் என்னை அதற்கு முன் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை.

"ஒரு திரவம்... எல்லாத் தட்டுக்கும் அதேதான்."

"ரெண்டாம் தட்டுக்கும் அதேதானா? அதே அளவா?"

"அதே அளவுதான்."

"ரெண்டும் ஒரே சாப்பாட்டத்தான் சாப்பிட்டுருக்கு. பொறவு எப்படி இது சாப்பிட்டதால தூங்குதுன்னு சொல்லுதீக?"

நான் பாயிண்டரை அணைத்துப் பையில் போட்டேன். என் கைடு மூன்று வருடமாக என்னிடம் எதிர்பார்த்துக் கிடைக்காத கேள்வி அது. அத்தை உட்கார்ந்துவிட்டாள். தலைவர் நன்றியுரையைத் தொடங்கினார்.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஒரே பஸ்ஸில் இராஜபாளையம் திரும்பினோம். வரும்போது பாட்டும் கும்மாளமுமாக வந்தவர்கள் என்று கேள்வி. இப்போது ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தைக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்ததால் அங்கே போய் உட்கார்ந்தேன். அத்தை என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"சோம்பேறின்னு உங்க புக்குல போட்டுருக்கா? இல்ல, நீயாச் சொன்னியா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நானாத்தான் சொன்னேன் அத்தை."

"புக்குல என்ன போட்டுருக்கு?"

சொன்னேன். கொழுப்பு அதிகமாகும்போது அதற்குள் போகிற ரத்தமும் காற்றும் போதாமல் போகும், உள்ளுக்குள்ளேயே ஒரு வீக்கம் விடாமல் கனன்றுகொண்டிருக்கும், அதில் கிடந்து கிடந்து அந்தச் செல்கள் வயதாகும் முன்பே தளர்ந்துவிடும், வெளியே எடுத்து நல்ல இடத்தில் போட்டாலும் உடனே தேறாது என்றேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகாது, ஒரு தட்டை வைத்து எதையும் சொல்லக்கூடாது என்பதையும் சொன்னேன்.

"சோம்பேறி இல்ல, களைச்சுப் போச்சு."

"ஆமா அத்தை."

"எங்க ரோலிங் மெஷின் மெதுவா ஓடிச்சுன்னா சோம்பேறின்னு ஒருத்தரும் வைய மாட்டோம். பேரிங்கு போச்சான்னு பாப்போம்." பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "எட்டுப் பேரையும் நாந்தாம்லே கூட்டி வந்தேன்" என்றாள்.

அப்போதே அவள் கையைப் பிடித்து மன்னித்துவிடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டு இறங்கும் வரைக்கும் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். முந்நூறு பேர் முன்னால் அவளைக் கேலி செய்தபோது வராத கூச்சம் அது.

ஆராய்ச்சி முடிந்து ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது நன்றிப் பக்கத்தில் கைடு முதல் கேன்டீன்காரர் வரை எல்லோர் பெயரையும் எழுதினேன். அத்தையின் பெயரை எழுதவில்லை. மாதிரி கொடுத்தவர்களின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று விதி இருக்கிறதே.

எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து யார் மத்தியானம் கண்ணயர்ந்தாலும் அவர் பெயர் அஞ்சாம் தட்டு. பரீட்சைக்குப் படிக்காத பிள்ளை அஞ்சாம் தட்டு, ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர் அஞ்சாம் தட்டு. சில வருடங்களாக அந்தப் பட்டம் நிரந்தரமாக என்னிடம் வந்துவிட்டது. வேலை, நாற்காலி, வெளிச் சாப்பாடு என்று ஓடி, இப்போது என் எடை தொண்ணூற்றாறு. அன்றைய அத்தையைவிட இரண்டு கிலோ கூட.

போன பொங்கலுக்குக் குடும்பத்தோடு இராஜபாளையம் போயிருந்தோம். இரண்டு நாளாகக் கார் ஓட்டிய அலுப்பு. சாப்பிட்டுவிட்டு அத்தை வீட்டு முன்னறையில் வெறுந்தரையில் சாய்ந்தேன். "அஞ்சாம் தட்டு கவுந்துருச்சு" என்றாள் என் மகள். கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மனைவி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

அடுப்படியிலிருந்து அத்தை வந்தாள். எத்தனையோ முறை இந்தக் கேலி நடந்திருக்கிறது, அவள் ஒருமுறைகூட அதில் சேர்ந்துகொண்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டிலில் கிடந்த தலையணையை எடுத்துக் குனிய முடியாமல் குனிந்து என் தலைக்கடியில் வைத்தாள்.

"அவனச் சும்மா விடுங்க. பிள்ள களைச்சு வந்துருக்கான்" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தேன்.